லயத்துக் காவல்காரர்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைக்குள் திரும்பினால் மண்பாதை. மழை பெய்திருந்ததால் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அப்பாவும் நானும் கோழியுமாக நடந்தோம். நாங்கள் குடியிருந்த லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகள், இப்போது இல்லை, பால்மரமும் (ரப்பர்) இல்லை. எல்லோரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டோம். மதுரை வீரன் மட்டும் இடம் மாறவில்லை. ஆடிப் பூசைக்கு நாங்கள்தான் அவரைத் தேடி வர வேண்டும்.

தகரக் கூரைக்குக் கீழே ஒரு பக்கம் பொம்மி, மறுபக்கம் வெள்ளையம்மாள். வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து அடித்து வீரனுக்கு மீசை தடித்துவிட்டது.

படையலுக்கு முன் பூசாரி கதை சொன்னார். கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்ட அரச குழந்தை. எடுத்து வளர்த்தது செருப்புத் தைக்கும் சின்னான். மழை இரவில் வளர்த்த அப்பாவுக்குப் பதிலாகப் பொம்மியின் குடிசைக்குக் காவல் போனவர், அவளோடு கிளம்பிவிட்டார். துரத்தி வந்த அவள் அப்பா பொம்மண்ண நாயக்கர் சண்டையில் செத்தார். அப்புறம் திருச்சியில் விஜயரங்க சொக்கநாதரிடம் சேவகம். அங்கிருந்து ஐயாயிரம் வீரர்களோடு மதுரைக்கு, திருமலை நாயக்கருக்காக அழகர்மலைப் பக்கத்துக் கொள்ளையை அடக்க.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “திருமலை ஆண்டது 1623லிருந்து 1659 வரைக்கும். விஜயரங்கர் பட்டத்துக்கு வந்ததே 1706லதானே ஐயா?” என்றேன்.

“சாமிகிட்டயே ஐசி, அடையாள அட்டை கேக்கிறியா தம்பி?” என்றார். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

கள்வரை அடக்க வந்தவர், வெள்ளையம்மாளைத் தேடிப் போன ராத்திரியில் கள்வன் என்று பிடிபட்டார். யார் என்று விசாரிக்கக்கூட இல்லை. மாறுகால் மாறுகை வாங்கினார்கள். மீனாட்சி கைகாலைத் திருப்பிக் கொடுத்தும் அவர் உயிரோடு இருக்கச் சம்மதிக்கவில்லை, தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார். மதுரைக் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே சன்னதி கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

இந்த இடம் வந்தால் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். தோட்டத்து ஸ்டோரில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்தவர் அவர். ஒரு முறை ரப்பர் ஷீட்டுகள் காணாமல் போனபோது முதலில் சோதனை போட்டது எங்கள் வீட்டைத்தான். பெட்டியைக் கவிழ்த்து அம்மாவின் சேலைகளை வாசலில் கொட்டினார்கள். திருடியவன் அப்புறம் அகப்பட்டான். அப்பாவிடம் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோழி, சாராயம், சுருட்டு எல்லாம் படைத்தாயிற்று. ஈரக் காற்றில் சுருட்டு அணைய அணைய, அப்பாதான் பற்றவைத்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது பூசாரி கம்பிக் கதவைப் பூட்டினார். அப்பா திரும்பிப் போய், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.