வலி நின்ற பிறகும் காத்திருந்த வாரங்கள்

சென்னையில் ஜனவரியில் நடக்கும் அரை மாரத்தானுக்காக, வாரத்துக்கு 20 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை ஒரே மாதத்தில் 40 கிலோமீட்டராக்கியபோது, என் இடது கணைக்கால் எலும்பின் உட்புறத்தில் வலி தொடங்கியது. முதலில் ஓடி முடித்த பின்பு மட்டும் வலித்தது; மூன்றாம் வாரத்தில் படுத்திருக்கும்போதும் வலித்தது. எலும்பின் ஓரம் நெடுகப் பரவாமல், ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் மட்டும் வலித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்கத்தில் அப்படித் தெரியாமற்போவது உண்டு என்று சொன்ன எலும்பு மருத்துவர், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, இது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது தொடர் சுமையால் எலும்பில் விழும் நுண்ணிய விரிசல் என்று உறுதிசெய்தார்.

ஓட்டத்தின் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழைய திசு முதலில் கரைகிறது, புதியது பிறகே படிகிறது. அந்த இடைவெளியில் சுமை தொடர்ந்தால் விரிசல் விழுகிறது என்று அவர் விளக்கினார்.

ஓட்டத்தை நிறுத்திய மூன்றே வாரத்தில், நடக்கும்போது வலி இல்லை. மிகக் கடினமான காலம் அதுதான். புதிதாகப் படிந்த எலும்பு இன்னும் உறுதிப்படவில்லை என்று மருத்துவர் எச்சரித்ததால், ஆறு வாரம் முடியும்வரை நீச்சலோடும் சைக்கிளோடும் நிறுத்திக்கொண்டேன். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாக இருந்தது. அதற்கும் மருந்து எடுத்துக்கொண்டேன். கெண்டைக்கால் தசை வலுப்பெற, குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை நாள் தவறாமல் செய்தேன்.

அரை மணி நேர வேகநடை, எலும்பை அழுத்திப் பார்த்தல், ஒற்றைக் காலில் குதித்தல் ஆகிய மூன்றிலும் வலி இல்லாத பிறகே இயன்முறை மருத்துவர் ஓட அனுமதித்தார். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடினேன். ஓடும்போது மட்டுமல்லாமல் அன்றிரவும் மறுநாள் காலையும் அந்த ஒரே இடத்தைக் கவனிக்கச் சொன்னது எனக்கு மிகவும் உதவியது. இரு கால்களிலும் வரும் தசைவலியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எலும்பில் ஒரு புள்ளியில் வலித்தால் நிறுத்தியே ஆக வேண்டும். ஐந்தாவது ஓட்டத்தன்று இரவில் அங்கே லேசாக வலித்தது. ஒரு வாரம் ஓடாமல் இருந்து, முந்தைய படியிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.

அடிகளைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு 160 ஆக இருந்த எண்ணிக்கையை 170 ஆக்கியதும், பாதம் தரையில் மோதும் அதிர்வு குறைந்ததை உணர முடிந்தது. பதினான்காம் வாரத்தில் 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடினேன். மறுநாள் காலை அழுத்திப் பார்த்தபோது வலி இல்லை.