பின்னால் அடிக்கும் காற்று

லங்காவியிலிருந்து பினாங்குக்குச் சுமார் 60 கடல்மைல். ஜனவரியில் வடக்கிலிருந்து காற்று வீசினால் அது சொகுசுப் பயணம். முதுகில் காற்று, பின்னாலிருந்தே அலை, படகு தொட்டில் மாதிரி ஆடும். அன்றைக்கும் அப்படித்தான். 36 அடிப் பாய்மரப் படகு, அண்ணனுடையது. (கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிட இருபது வயது மூத்தவர்.) பாயார் தீவைத் தாண்டியதும் சுக்கானை என்னிடம் கொடுத்தார். இடப்பக்கம் கெடா கரையில் குனோங் ஜெராய் மங்கலாகத் தெரிந்தது. நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பாய் இரண்டு தடவை துவண்டு படபடத்தது. இடது பிடரியில் பட்டுக்கொண்டிருந்த காற்று வலது பிடரிக்கு மாறியதும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, உறைக்கவில்லையே. வலப்பக்கம் முழுசாகத் திறந்து நின்ற பூம் (மெயின் பாயின் அடியைப் பிடித்திருக்கும் நீளக் கட்டை) தலைக்கு மேல் பறந்து இடப்பக்கம் போய் அறைந்தது. படகே அதிர்ந்தது. அண்ணன் குனிந்து டீ ஊற்றிவிட்டு அப்போதுதான் நிமிர ஆரம்பித்திருந்தார். தொப்பி கடலில். பூமின் கயிற்றை டெக்கோடு பிடித்திருந்த ஷாக்கிள் என்ற உலோக வளையம் வாய் பிளந்து கிடந்தது.

அவர் கத்தவில்லை. “தம்பி, பிரிவென்டர் கட்டாதது என் தப்பு. மலை பார்த்தது உன் தப்பு” என்றார். டீயைக் குடித்தோம். எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

பிரிவென்டர் என்பது, பூம் இப்படித் திடீரென்று பக்கம் மாறாமல் பிடித்துவைக்கும் ஒரே ஒரு கயிறு. பூமின் நுனியிலிருந்து முன்னால் போய், முகப்பில் ஒரு கப்பியைச் சுற்றி, திரும்ப நாம் உட்காரும் இடத்துக்கே வர வேண்டும். சோம்பேறித்தனமாகப் பூமின் நடுவில் கட்டுகிறவர்கள் உண்டு. படகு பக்கவாட்டில் சாய்ந்து பூமின் நுனி தண்ணீரில் குத்தினால் பூமே நடுவில் முறியலாம். கயிற்றின் கடைசி நம் கைக்கெட்டுகிற இடத்தில் இருப்பதும் முக்கியம். அவிழ்ப்பதற்காக ஆடுகிற படகில் முகப்புக்கு ஓடக் கூடாது.

பின்காற்றில் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. அன்றைக்குக் காற்று 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்), படகு 6 நாட். அதனால் முதுகில் உணர்ந்தது வெறும் 12. சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம் போலிருக்கும். ஆனால் ஷாக்கிள் போன பிறகு, மெயின் பாயைச் சுருக்குவதற்காகப் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினோமே, மீட்டர் 22 காட்டியது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 12-க்கு 144, 22-க்கு 484. மூன்று மடங்குக்கும் மேல்! அதே கடல், அதே காற்றுதான். அதனால் இப்போதெல்லாம் பின்காற்றில் போகும்போது ‘இப்படியே திரும்பினால் எவ்வளவு இருக்கும்’ என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப முதல் ரீஃபை, அதாவது பாயின் முதல் சுருக்கை, முன்கூட்டியே போட்டுவிடுகிறோம். வேகம் அரை நாட் குறையும். குறையட்டுமே, பினாங்கு எங்கே ஓடிவிடப் போகிறது?

மே மாதத்துக்கு மேல் கதை வேறு. ‘சுமத்ரா’ என்று இங்கே சொல்கிற சூறைக்காற்று விடிவதற்குள் மேற்கிலிருந்து வந்து அடிக்கும். அந்த மாதங்களில் இருட்டுவதற்குள் பாய் சுருங்கியிருக்க வேண்டும் என்பது அண்ணனின் சட்டம். வானம் தெளிவாக இருந்தாலும் சரி.

வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) பற்றியும் ஒன்று. இறுகிய கயிற்றைத் தளர்த்தும்போது விரலால் சுற்றுகளைத் தொடாதீர்கள். உள்ளங்கையை விரித்துச் சுற்றுகளின் மேல் அழுத்தியபடி, மற்றக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வின்சுக்கும் கயிற்றுக்கும் நடுவே மாட்டிய விரலைப் பாயின் முழு இழுப்பும் நசுக்கும்.

அண்ணனுக்குப் புதுத் தொப்பி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தலைக்குச் சின்னதாக இருக்கிறதாம், பழைய துண்டைத்தான் கட்டிக்கொண்டு வருகிறார்.