மூன்று வட்டியிலிருந்து பதிவு எண் வரை

2022 ஏப்ரலில் வங்கி வேலையை விட்டேன். திருச்சியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் 11 ஆண்டுகள் இருந்தேன். கடைசி நான்கு ஆண்டுகள் கவுன்டர் வேலையைவிட காப்பீட்டு டார்கெட்தான் பெரிதாக இருந்தது. பணிக்கொடையை ஃபிக்சட் டெபாசிட்டில் போட வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வருடம் 2 லட்சம் கட்ட வேண்டிய பாலிசியோடு வீடு திரும்பினார். படிவத்தை நிரப்பியது நான். மறு வருடம் பிரீமியம் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்து, "ஒரு தடவை கட்டினா போதும்னுல்ல நெனச்சேன், அம்மா" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வருடமே ராஜினாமா கடிதம் கொடுத்தேன்.

வெளியே வந்து என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. எதையும் விற்காமல், ஒரு குடும்பத்தின் வரவு செலவையும் கடனையும் உட்கார்ந்து பார்த்து வழி சொல்ல வேண்டும். அதற்கு அந்தக் குடும்பமே எனக்குக் கூலி தர வேண்டும். வேறு யாரிடமும் காசு வாங்கக் கூடாது.

முதலில் வந்தவர் உறையூரில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண். இரண்டு வருடத்துக்கு முன் கிரைண்டர் வாங்கவும் வீட்டு அட்வான்ஸுக்கும் 2 லட்சம் கடன் வாங்கியிருந்தார். "வட்டி எவ்வளவு?" என்றேன். "மூணு வட்டிதாங்க்கா" என்றார். அந்த "தான்" எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். மாதம் 6,000 வீதம் 24 மாதம் கட்டியிருந்தார். 1,44,000 போயிருந்தது, அசல் அப்படியே 2 லட்சம் நின்றது. நான் சொல்லவில்லை, அவரையே நோட்டில் எழுதிக் கூட்ட வைத்தேன். கூட்டி முடித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

அவரிடம் எட்டு பவுன் நகை இருந்தது. அது பீரோவில். வெளியே மூன்று வட்டி. அடகு வைத்தால் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற பயம். நம் வீடுகளில் நகையை அடகு வைப்பது மானப் பிரச்சினை, வட்டிக்கு வாங்குவது வெளியில் தெரியாத விஷயம். இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க எனக்கு மூன்று சந்திப்புகள் ஆயின. மூன்றாவது முறை மாமியாரையும் அழைத்து வரச் சொன்னேன். அந்த அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு, "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று மருமகளிடம் கேட்டார். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது. வங்கியில் 9 சதவீதத்தில் நகைக்கடன் வாங்கி வெளிக்கடனை அடைத்தார். மாத வட்டி 1,500 ஆனது. பழக்கப்பட்ட அதே 6,000-ஐத் தொடர்ந்து கட்டினால் மூன்றே கால் வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

இதற்கு நான் வாங்கிய கட்டணம் 500 ரூபாய். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவராகக் கொடுத்தார். முதல் வருடம் முழுக்க எனக்கு இதுதான் பெரிய போராட்டம். "ஏஜென்ட் வீட்டுக்கே வந்து சும்மா சொல்லிட்டுப் போறாரே, நீங்க ஏன் காசு கேக்குறீங்க?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மியூச்சுவல் ஃபண்டுகளில் ரெகுலர், டைரக்ட் என்று இரண்டு வகை உண்டு. முகவர் இல்லாமல் நாமே நேராகப் போடும் டைரக்ட் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ரெகுலரில் முகவரின் கமிஷன் ஒவ்வொரு வருடமும் நம் பணத்திலிருந்தே போகிறது. 10 லட்சத்தில் ஒரு சதவீதம் என்றால் வருடம் 10,000. கையால் எடுத்துக் கொடுக்காததால் கண்ணில் படுவதில்லை. இதை விளக்கியதும் பாதிப் பேர் புரிந்துகொண்டார்கள், மீதிப் பேர் திரும்பி வரவில்லை. வராதவர்களுக்காகக் கட்டணத்தைக் குறைக்காமல் இருக்கப் பழகியதே ஒரு படிப்பு. ஆறு சந்திப்புகளுக்கு 6,000 என்று நிர்ணயித்து, முதல் சந்திப்பிலேயே தாளில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். அப்புறம்தான் மாத வருமானம் என்று ஒன்று வந்தது.

2023 கடைசியில் ஒரு சிக்கல். துவாக்குடியில் வேலை பார்க்கும் ஒருவர், கடனெல்லாம் முடித்தபின் வாட்ஸ்அப்பில், "எந்த ஃபண்டுல எஸ்ஐபி போடலாம் மேடம்?" என்று கேட்டார். எஸ்ஐபி என்றால் மாதாமாதம் ஒரு தொகையை ஃபண்டில் போட்டு வருவது. ஒரு ஃபண்டின் பெயரைச் சொல்லிவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் முதலீட்டு ஆலோசகர் விதிகள் 2013 முதல் நடைமுறையில் இருக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தப் பங்கை வாங்கு, இந்த ஃபண்டை விற்று வெளியேறு என்று சொல்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பட்ஜெட், கடன், சேமிப்புப் பழக்கம் பற்றிப் பேசுவது வேறு. ஃபண்டின் பெயரைச் சொல்வது வேறு. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, நான் சொல்லியிருக்கக் கூடாது, பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள் என்றேன். அந்த மாதக் கட்டணத்தையும் திருப்பி அனுப்பினேன்.

சரி, பதிவு செய்துவிடலாம் என்று பார்த்தால் அப்போது எனக்குத் தகுதி இல்லை. நான் பி.காம். அன்றைய விதிப்படி நிதித் துறை சார்ந்த முதுகலையோ தொழிற்படிப்போ வேண்டும், ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும், தனிநபருக்கு 5 லட்சம் நிகரச் சொத்து மதிப்பு வேண்டும். ஒரு வருடம் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். முதலீட்டுக் கேள்வி வந்தால், "அது என் வேலை இல்லீங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

2024 டிசம்பரில் விதிகள் திருத்தப்பட்டன. நிதி, வணிகவியல் போன்ற துறைகளில் இளங்கலை போதும், அனுபவ நிபந்தனை இல்லை என்று மாறியது. நிகரச் சொத்துக்குப் பதிலாக டெபாசிட்: 150 வாடிக்கையாளர்கள் வரை 1 லட்சம். செய்தியைப் படித்த அன்றே தேர்வுக்கான பாடப் புத்தகத்தை இறக்கி வைத்துக்கொண்டேன்.

செபி தொடங்கிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் இரண்டு தேர்வுகள், எக்ஸ்-ஏ, எக்ஸ்-பி. 60 சதவீதம் எடுக்க வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். ஏ-யில் ஒரே முறையில் தேறினேன். பி-யில் சூழ்நிலைக் கணக்குகள் வரும்: ஒரு குடும்பத்தின் சம்பளம், கடன், பிள்ளைகள் வயது எல்லாம் கொடுத்து, ஓய்வுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்பார்கள். முதல் முறை தோற்றேன். தெரியாததையும் ஊகித்துக் குறித்ததுதான் காரணம். இரண்டாம் முறை தெரியாததை விட்டுவிட்டேன், தேறினேன். எழுதப் போகிறவர்களுக்கு: எக்செல்லில் இன்றைய மதிப்பு, எதிர்கால மதிப்பு, தவணைத் தொகை கணக்கிடும் பிவி, எஃப்வி, பிஎம்டி மூன்றும் யோசிக்காமல் வரும்வரை போட்டுப் பாருங்கள்.

டெபாசிட்டில்தான் அலைச்சல். அந்த 1 லட்சத்தை ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டு, ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அமைப்பான பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) பெயரில் லியன் போட்டுத் தர வேண்டியிருந்தது, அதாவது அவர்கள் சம்மதம் இல்லாமல் நான் எடுக்க முடியாதபடி. நான் போன கிளையில் யாரும் அதற்குமுன் இப்படி ஒன்றைச் செய்ததில்லை. நான்கு முறை நடந்தேன். நான்காவது முறை கடித வாசகத்தை நானே தட்டச்சு செய்துகொண்டு போனேன், அன்று வேலை முடிந்தது. முதல் நாளே அப்படிப் போயிருக்கலாம்.

மனதுக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. அப்பா பல வருடங்களாகக் காப்பீட்டு முகவர், மியூச்சுவல் ஃபண்டும் பார்க்கிறார். அந்தக் கமிஷனில்தான் நான் படித்தேன். விதிப்படி ஆலோசகர் விநியோகம், அதாவது கமிஷனுக்கு ஃபண்டு விற்பது, செய்யக் கூடாது. அவரது பெற்றோரோ கணவரோ பிள்ளைகளோ யாருக்கு விநியோகம் செய்கிறார்களோ, அவர்களுக்கு இவர் ஆலோசனை சொல்லக் கூடாது. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். சொன்னதும் உள்ளே போய்த் தன் பழைய நீல அட்டை நோட்டை எடுத்து வந்தார். ஃபண்டு போட்டவர்கள் பெயரையெல்லாம் தனித் தாளில் எழுதினார். "இவங்க வந்தா என்கிட்ட அனுப்பிடு. மத்தவங்களை நீ பாரு" என்றார். அந்தத் தாள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.

விண்ணப்பத்துக்குப் பின் விளக்கம் கேட்டு இரண்டு முறை மின்னஞ்சல் வந்தது. 2025 ஆகஸ்டில் பதிவு எண் கிடைத்தது. இப்போது ஒவ்வொருவரிடமும் ஒப்பந்தம், கேஒய்சி, எவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்குவார் என்று பார்க்கும் கேள்வித்தாள், என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும், வருடம் ஒரு முறை தணிக்கை உண்டு. வாரத்தில் ஒரு முழுநாள் இந்தக் காகித வேலைக்கே போகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஆசிரியைக்கு நான் பாலிசி கொடுத்த நாளில் "ஏன்" என்று எழுதச் சொல்லி என்னை யாராவது உட்கார வைத்திருந்தால், என்னால் எழுதியிருக்க முடியாது.

அக்டோபர் முதல் வாரம் மாவுக்கடைப் பெண் வந்தார். கழுத்தில் நகை, முந்தின நாள்தான் மீட்டிருந்தார். கூட மாமியார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடன் சுழி என்று காட்டிவிட்டு, "இனிமே அந்த ஆறாயிரத்தை எங்கக்கா போடறது?" என்றார்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தேன். அவர் பெயர் அதில் இல்லை. புது ஒப்பந்தப் படிவத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து அவருக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன்.