அம்மாவுக்கு லேசர் வேண்டாம் என்றோம்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து முக்கூடலுக்குக் கூட்டி வந்தோம். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததுமே எதிர்வீட்டு அத்தை ஆரம்பித்துவிட்டார்: "ஏன், லேசர்ல பண்ணலியா? எனக்கு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுதே. காசுக்குப் பாத்துட்டியளோ?"

காசும் ஒரு காரணம்தான், மறைக்க என்ன இருக்கு. ஆனால் அம்மாவின் புரை அதற்குத் தோதுப்படவில்லை. பீடி சுத்துவது நின்றுபோகும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டதில், முற்றிப் பழுப்பேறிக் கல்லாகிவிட்டது. "இதைச் சின்ன ஓட்டை வழியா உடைச்சு உறிஞ்சணும்னா மெஷின் ரொம்ப நேரம் ஓடணும், கருவிழிக்குக் கெடுதல். முழுசா எடுத்திருவோம்" என்றார் பாளையங்கோட்டை டாக்டரம்மா. வெள்ளைவிழியில் ஆறேழு மில்லிமீட்டர் கீறல். சாய்வாகப் போடுவதால் தானே மூடிக்கொள்ளும், தையல் கிடையாது. முகாம்களில் கூட்டிப்போய்ச் செய்வது பெரும்பாலும் இதைத்தான். என்ன, கீறல் பெரிசு என்பதால் கண்ணாடியில் கொஞ்சம் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு கோணுவதைச் சரிக்கட்டும் பவர்) கூடலாம்.

நம் பக்கம் பலர் லேசர் என்று சொல்வது பேக்கோ. அதில் லேசரே இல்லை; 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளையில் ஊசி முனையை விட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வில் புரையை உடைத்து உறிஞ்சுவார்கள். பல் டாக்டர் பற்களைச் சுத்தம் பண்ணும் கருவியைப் பார்த்துத்தான் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்கருக்கு 1960-களில் இந்த யோசனை வந்ததாம்.

நிஜ லேசர் வேறு. கண்ணில் துளை போடுவது, புரை உறையை வட்டமாக வெட்டுவது, புரையைத் துண்டாக்குவது வரை லேசர் பார்த்துக்கொள்ளும். உறிஞ்சி எடுக்க மறுபடி அதே பேக்கோ ஊசிதான். பிரான்சில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இரண்டையும் ஒப்பிட்டு 2020-இல் முடிவை வெளியிட்டார்கள்: பார்வையில் லேசருக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை, செலவுதான் கூடுதல்.

சரி, அத்தைக்கு "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்ச" லேசர் எது? விசாரித்தால், ஆபரேஷன் முடிந்து ரெண்டு வருஷம் கழித்து, புரைக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைத்த லென்சுக்குப் பின்னால் உறை மங்கியதற்கு அடித்த யாக் லேசர். புரையை எடுத்தது அந்த லேசர் இல்லை.

இந்த லேசர் பேச்சில் லென்சைப் பற்றி யாருமே கேட்பதில்லை. அதில்தான் நாங்கள் ரொம்ப யோசித்தோம். சாதா லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு காட்டும். இலை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுகிற வேலை. கிட்டப்பார்வைக்கு வைக்கலாமா என்று டாக்டரம்மாவே கேட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"இலையத் தடவிப் பாத்தே வெட்டிருவேன். பஸ் போர்டத் தடவிப் பாக்க முடியுமா?"

தூரத்துக்கே வைத்தாச்சு. நூல் கட்ட மட்டும் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி. இடது கண் இன்னும் முத்தவில்லை, பேக்கோவே போதுமாம். இந்தத் தடவை தள்ளிப்போட விடுவதாக இல்லை.