வேண்டாம் அண்ணாச்சி

"வேண்டாம் அண்ணாச்சி, இப்போதைக்கு இதுல கை வைக்காதீங்க" என்று நான் சொன்னது 2023 ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏஜென்சிக்காகக் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பது என் வேலை. செவ்வாய் எனக்கு வளசரவாக்கம் லைன்.

அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்டது இதுதான்: "பக்கத்துப் போர்ஷன் காலியாகுது தம்பி. ஆவணில சுவரை எடுத்து ஒண்ணாக்கி, பையனையும் உக்கார வச்சிரலாம்னு பாக்கேன். நாலு கடை ஏறி எறங்குதவன் நீ, என்ன சொல்லுத?" அட்வான்ஸ் மூன்று லட்சம் கேட்டிருந்தார்கள். பையன் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தான்.

பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது. டேப்லெட்டில் அவருடைய ஆர்டரைத் தட்டிக்கொண்டே சொன்னேன். "இனிமே எல்லாம் ஆன்லைன்தான். கடை உங்களோட போகட்டும், பையனை வேற வேலைக்கு அனுப்புங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு முட்டை எண்ணப் போய்விட்டார்.

தெரியாமல் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பையனுடைய போனில் ஒரு சலவைத்தூள் பாக்கெட்டை அவரே எனக்குக் காட்டினார். நான் அவருக்கு பில் போடும் விலையைவிட ஆப்பில் 11 ரூபாய் குறைவு. "ஒங்கிட்ட வாங்குததுக்கு இதுலயே வாங்கி விக்கலாம் போலிருக்கே" என்றார். நான் என்ன சொல்ல? எங்கள் ஏஜென்சியில் கடைக்காரருக்கு நிற்பது நூற்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ரூபாய். மொத்தமாக எடுக்கும் ஆன்லைன்காரர்கள் மாதிரிப் பெரிய கைகளுக்குக் கம்பெனியே அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறது. எங்களுக்கும் அதே விலை வேண்டும் என்று கேட்டுத்தான் 2021 கடைசியில் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு, ஜனவரி 1 முதல் ஒத்துழைக்க மாட்டோம் என்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. எங்கள் முதலாளிகூட அந்த நாட்களில் ரொம்ப நம்பிக்கையோடு பேசினார். என் லைனில் ஒன்றும் மாறவில்லை. அதே விலையைத் தூக்கிக்கொண்டு அதே கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்பெனி ஆபீசர் வந்த அன்று அண்ணாச்சி இதையே அவரிடம் கேட்க, "அது வேற சேனல், இது வேற சேனல்" என்று பதில் வந்தது. விற்கிற வழி வேறு என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாட்களில் ஒருத்தர் வந்து கடையைப் பெரிதாக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்வதுதானே நியாயம்? அன்றைக்கு எனக்கு அப்படித்தான் பட்டது. பல ராத்திரி இப்போதும் அப்படித்தான் படுகிறது.

ஆனால் நான் பார்த்தது விலையை மட்டும்தான். அந்தக் கடையில் பதினோரு வருஷமாக நின்றும் கடையைப் பார்க்கவில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கடன் நோட்டு கிடக்கும். அட்டை பிய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். அதில் யாருக்கும் பெயர் கிடையாது. ‘மாடி டீச்சர்’, ‘இஸ்திரி’, ‘ஆட்டோ ரெண்டாவது வீடு’, ‘பச்சை கேட்’. தேதி ஒன்றாம் தேதியைத் தாண்டினால் பச்சை கேட்டுக்கு எதிரே ஒரு சின்னக் கோடு விழும். திட்ட மாட்டார், கேட்க மாட்டார், கோடு மட்டும். அடுத்த தடவை பச்சை கேட் வீட்டுப் பிள்ளை பத்து ரூபாய்க்குப் பொட்டுக்கடலையும் ரெண்டு முட்டையும் கேட்டு வந்தால் கொடுத்துவிட்டு இன்னொரு வரி எழுதுவார். எந்த ஆப் இந்தப் பிள்ளைக்கு ரெண்டு முட்டை கொடுக்கும்?

தலைக்கு மேல் சரம் சரமாக ஷாம்பு தொங்கும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்ற கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பாடம். ஒரு தலைக்கு ஒரு பாக்கெட் என்று வாங்குகிற ஜனம் இருக்கிறவரை இந்தச் சரம் தொங்கும் என்று புதுப் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அண்ணாச்சி கேட்டபோது அது என் வாயில் வரவில்லை.

2020 ஏப்ரலும் ஞாபகத்துக்கு வரவில்லை. காலை ஆறிலிருந்து பகல் ஒரு மணி வரைதான் கடை திறக்கலாம் என்று இருந்த நாட்கள். என் மனைவி போனை வைத்துக்கொண்டு டெலிவரிக்கு நேரம் கிடைக்குமா என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போனாள். அண்ணாச்சி கடை வாசலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஆட்கள் நின்றார்கள். அவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்: அதே என் மனைவி இப்போதெல்லாம் ராத்திரி பத்து மணிக்குத் தோசை மாவை ஆப்பில்தான் வரவழைக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வேலை முடித்து வருகிறவளுக்கு அது பெரிய உதவி.

அந்தப் போர்ஷன் கார்த்திகையில் போனது. சாத்தான்குளம் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் எடுத்தார்கள். மளிகை, காய்கறி, பழம், ஒரு ஃப்ரீசர். வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்பினால் ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இன்று அவர்களுடைய பில் அண்ணாச்சி பில்லைப்போல மூன்று மடங்கு. அந்த ஆர்டரையும் நான்தான் எடுக்கிறேன், அந்த இன்சென்டிவும் எனக்குத்தான் வருகிறது. அண்ணாச்சியின் வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. ஆன்லைன் எடுத்தது கொஞ்சம். மிச்சத்தை, அவர் இடிக்கக் கேட்ட சுவருக்கு அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டது.

அண்ணாச்சி எடுத்திருந்தால் இப்படி ஓடியிருக்குமா? அவருக்கு அறுபத்தொன்று, சர்க்கரை வேறு. வாட்ஸ்அப் லிஸ்டை யார் பார்த்திருப்பார்கள்? பையன் பார்த்திருப்பான் என்று சொல்லலாம். பையனுக்கு இஷ்டமா என்று நான் கேட்கவே இல்லையே.

அவன் இப்போது அவசர டெலிவரி கம்பெனி ஒன்றின் குடோனில் ஆர்டர் எடுத்துப் பையில் போடும் வேலை பார்க்கிறான். கடையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர்தான். பொங்கலுக்கு முந்தின செவ்வாய் அவனுக்கு லீவு, கடையில் இருந்தான். "அண்ணே, கடையைப் பெருசாக்க வேண்டாம்னு நீங்கதான் அப்பாட்ட சொன்னீங்களாமே?" என்றான்.

"எல்லாரும் பேசிக்கிட்டதைத்தான் தம்பி சொன்னேன்" என்றேன். அது பொய். யாரும் பேசிக்கொள்ளவில்லை, நான்தான் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. "அங்க ஒரு ஆர்டருக்கு ரெண்டு நிமிஷம்தான்ணே. இங்க டீச்சரம்மாவுக்கு அரை கிலோ உளுந்து போட பத்து நிமிஷம் ஆகும், பேசிட்டே இருப்பாங்க" என்றான். எதை நல்லது என்று சொன்னான் என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

அண்ணாச்சி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் பரவாயில்லை. வருகிற போகிறவர்களிடம், "தம்பி அன்னைக்கே சொல்லிட்டான், மூணு லட்சம் தப்பிச்சுது" என்கிறார். பக்கத்துக் கடையில் ஆட்கள் நிற்பது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும்.

போன மாதம் ராமாபுரத்தில் கடை போட நினைக்கும் சொந்தக்காரர் ஒருவரை என்னிடம் அனுப்பிவைத்தார், "இவன்கிட்ட கேளு" என்று. அரை மணி நேரம் உட்கார்ந்து அவரிடம் எல்லாம் கேட்டேன். வாடகை எவ்வளவு, தெருவில் எத்தனை மாடி வீடு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கடன் கொடுக்கத் தைரியம் உண்டா, கூட யார் நிற்பார்கள். அண்ணாச்சியிடம் இதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் என் வாயில் வந்தது மறுபடியும் "வேண்டாம்"தான்.

அவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். நேற்று அண்ணாச்சி சொன்னார். எந்தத் தெரு என்று கேட்டேன். வியாழக்கிழமை லைன். என் லைன்தான்.