டிவி வழியாக 5.1 ஒலி: அடைப்பு எங்கே?

எங்கள் வீட்டில் கணினியிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள், டிவியிலிருந்து ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஆப்டிகல் கேபிள். படம் அருமையாக வந்தது; ஒலி மட்டும் முன்பக்க ஸ்பீக்கர்களோடு நின்றுவிட்டது. விண்டோஸ் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ மட்டுமே இருந்தது, 5.1 (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர்) என்ற தேர்வே இல்லை. டிரைவரைப் புதுப்பித்தும் பலனில்லை.

எச்டிஎம்ஐயில் இணைத்ததும், தன்னால் எந்தெந்த ஒலி வடிவங்களை ஏற்க முடியும் என்று டிவி கணினிக்கு ஒரு பட்டியல் அனுப்பும். அதன் பெயர் இடிஐடி. பல டிவிகள் அதில் பிசிஎம் ஒலிக்கு, அதாவது சுருக்காத டிஜிட்டல் ஒலிக்கு, 2 சேனல் (இடது, வலது) என்றுதான் சொல்கின்றன. பின்னால் ரிசீவர் காத்திருப்பது கணினிக்குத் தெரியவே தெரியாது. ஆப்டிகலுக்கும் ஒரு வரம்பு உண்டு: சுருக்காத பிசிஎம் என்றால் 2 சேனல்தான் போகும். 5.1 போக வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் சுருங்கிப் போக வேண்டும்.

சரி, படம் பார்க்கும் விஎல்சி செயலியில் பாஸ்த்ரூவை, அதாவது சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் வசதியை, இயக்கினேன். அப்போதும் ஸ்டீரியோதான். டிவி மெனுவுக்குள் போனால், டிஜிட்டல் ஒலி வெளியீடு ‘பிசிஎம்’ என்று இருந்தது. ‘பிட்ஸ்ட்ரீம்’ (சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்புவது) என்று மாற்றிய உடனே ரிசீவர் ‘டால்பி டிஜிட்டல்’ என்று காட்டியது. மழைக் காட்சி ஒன்றில் முதுகுக்குப் பின்னால் சாரல் கேட்டது. அவ்வளவு சந்தோஷம்!

கணினி விளையாட்டுகளுக்கு இது போதாது. அவற்றின் ஒலி அந்தந்த நொடியில் பிசிஎம் ஆகவே உருவாகிறது; அதனால் இந்த வழியில் 2 சேனலோடு நின்றுவிடும். ரிசீவரில் எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் கணினியை நேராக அதில் செருகி, அங்கிருந்து படத்தை மட்டும் டிவிக்கு அனுப்புங்கள்.