தீர்ப்பு வரும் வரை அந்த வீடு யாருடையது?

‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 92 பியூனா விஸ்டா அவென்யூ’ என்று ஒரு வழக்கு உண்டு. நியூ ஜெர்சி மாநிலத்தில் ரம்சன் என்னும் ஊரில் அந்த முகவரியில் இருக்கும் வீடுதான் எதிர்வாதி. குற்றத்தோடு தொடர்புடைய சொத்தை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் அமெரிக்காவின் உரிமையியல் பறிமுதல் சட்டத்தில் வழக்கு மனிதர்மீது அன்று, சொத்தின்மீதே தொடுக்கப்படுகிறது. ஆகவே உரிமையாளர் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, குற்றம் சாட்டப்பட்டிருக்கக்கூடத் தேவையில்லை.

அந்த வீட்டில் ஒரு பெண் தம் மூன்று பிள்ளைகளுடன் வாழ்ந்துவந்தார். 1982இல் அதை வாங்க அவருடைய நண்பர் ஏறத்தாழ 2,40,000 டாலரை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அது போதைப்பொருள் வணிகத்தில் வந்த பணம் என்று சொல்லி, 1989இல் அரசு வீட்டைப் பறிமுதல் செய்ய வழக்குத் தொடர்ந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பது தமக்குத் தெரியாது என்றார் அந்தப் பெண். அரசு முன்வைத்த வாதம் என்னைத் திடுக்கிட வைத்தது: குற்றம் நடந்த கணத்திலேயே சொத்துரிமை அரசுக்கு வந்துவிட்டது, எனவே அவர் ஒருநாளும் உரிமையாளராக இருந்ததே இல்லை, உரிமையாளரே இல்லாதவர், குற்றம் பற்றித் தெரியாதவருக்குப் பாதுகாப்புத் தரும் ‘அறியா உரிமையாளர்’ விதியைக் காட்டி எப்படி வாதாடலாம்?

1993இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உரிமை குற்றம் நடந்த நாளிலிருந்தே அரசுக்கு உரியது என்று பின்னோக்கிக் கணக்கிடப்படுவது உண்மைதான்; ஆனால் பறிமுதல் தீர்ப்பு கிடைத்த பிறகே அந்தக் கணக்கு தொடங்கும் என்றது. காவல்துறை ஒரு பொருளைக் கைப்பற்றினாலும் தீர்ப்பு வரும் வரை அதன் உரிமையாளர் உரிமையாளரே. தீர்ப்பு வந்துவிட்டாலோ, அந்த ஒரு தாள் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளுக்குத் திரும்பிச் சென்று, அதற்குப் பின் நடந்த கிரயத்தையும் அன்பளிப்பையும் அடமானத்தையும் கேள்விக்குள்ளாக்கிவிடும். நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்த்து நிலம் வாங்குகிறோம். பறிமுதல் வழக்கே தொடுக்கப்படாத நாளில் இந்த வில்லங்கம் எந்தப் பதிவேட்டிலும் தென்படாது.

2000ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், சொத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கும் பொறுப்பை அரசின்மீது வைத்தது. அதே வேளையில், குற்றத்துக்குப் பின் சொத்தைப் பெற்றவர் அறியா உரிமையாளராகப் பாதுகாப்புக் கோர, உரிய விலை கொடுத்து, நல்லெண்ணத்துடன் வாங்கியவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் குற்றப் பணத்தில் வந்த வீட்டுக்கு அது பொருந்தாது. அன்பளிப்புப் பணத்தில் வாங்கிய அந்த ரம்சன் வீட்டுக்காரர் இன்று வழக்காடினால், அரசு பணத்தின் மூலத்தை நிரூபித்துவிட்ட நிலையில், ‘எனக்குத் தெரியாது’ என்ற அதே வாதம் அவரைக் காப்பாற்றாது. ஒரு கையால் கொடுத்த பாதுகாப்பை மறு கையால் சுருக்கிக்கொண்ட இந்த விதி எனக்கு நியாயமாகப் படவில்லை.

வீடு, நிலம் என்றால் நீதிமன்றத்துக்குப் போயே தீர வேண்டும். ரொக்கம், வாகனம் போன்றவற்றில் பெரும்பாலும் அஞ்சலில் ஓர் அறிவிப்பு வரும். அதில் குறித்த கெடுவுக்குள், அதாவது அறிவிப்பை அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாட்கள், எவரும் உரிமை கோராவிட்டால் நீதிபதி பார்க்காமலேயே உரிமை போய்விடும்.

இவை கூட்டாட்சிச் சட்டத்தின் விதிகள். மாநிலங்களின் சட்டம் வேறு. மிச்சிகனில் 1988இல் ஒரு தம்பதி 600 டாலருக்குப் பழைய பாண்டியாக் கார் ஒன்றைக் கூட்டாக வாங்கினர். சில வாரங்களில் கணவர் அந்தக் காரில் பாலியல் தொழிலாளி ஒருவருடன் இருந்தபோது டெட்ராய்ட்டில் பிடிபட்டார். கார் பறிமுதலானது; ஏதும் அறியாத மனைவியின் பங்கும் சேர்ந்தே போனது. 1996இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. முதலில் வழக்கை விசாரித்த நீதிபதி, மனைவிக்குப் பாதித் தொகையைக் கொடுக்கலாமா என்று யோசித்திருக்கிறார். செலவு போக, பிரித்துக் கொடுக்க ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது என்று சொல்லி, அதையும் விட்டுவிட்டார்.